கே.கே. நகர் ஜெர்மனி

“கோலமா...வு. கோலமாவேய்...”

உள்ளறை ஜன்னல் வழியாக அந்தக் குரல் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தபோது, சூடாமணி கூடத்தில் உட்கார்ந்து போனில் ஜெர்மனியின் குளிரை விவரித்துக்கொண்டிருந்தாள்.

“வாசல்ல கால வெக்க முடியல மன்னி. பேசினா வாயிலேர்ந்து புகை புகையா வரது. எங்க பார்த்தாலும் வெள்ளை வெளேர்னு...”

“கோலமாவேய்...”

போனின் மறுமுனையில், அடையாறில், ருக்கு மன்னி ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். சூடாமணியின் கணவர் கிச்சா பத்திரிகையைப் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினார். ஐப்பசி மழையில் ஊறி உப்பியிருந்த ஜன்னல் கதவு அவர் இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

“அது என்னடி சத்தம்?”

“டி.வி. மன்னி. குரு இங்கேயும் தமிழ் சேனல் போட்டு வெச்சிருக்கான்.”

“டி.வி.ல கோலமாவு விக்கறாளா?”

“சீரியல். மார்கழி மாசமோன்னோ, அதுக்கேத்த மாதிரி எடுத்திருக்கா.”

“எந்த சீரியல்?”

“புதுசு மன்னி. பேர் இன்னும் மனசுல நிக்கல. ஷ்ரேயா கூப்பிடறா, அப்புறம் பேசறேன்.”

போனை வைத்தபோது சூடாமணிக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. ஜெர்மனியில் அப்போது பனி பெய்துகொண்டிருந்திருக்கலாம். அவள் இருந்தது கே.கே. நகரில், இரண்டாவது மாடியில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு.

விதி என்று சொல்வதா, வினை என்று சொல்வதா தெரியவில்லை. கார்த்திகை பிறந்தபோது சூடாமணியைவிட நிறைந்த மனத்தோடு மயிலாப்பூரில் யாரும் நடமாடவில்லை. ஒரே பிள்ளை குருபிரசாத் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டு, “அம்மா, இந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கு நீயும் அப்பாவும் இங்க வந்துடுங்கோ” என்று சொல்லியிருந்தான். அன்று மாலைக்குள் அது சித்திரக்குளம் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிந்துவிட்டது. பால் போடுகிறவருக்கும் தெரிந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வகுப்பில் பின்வரிசைக்கும் கேட்கிற குரல் அவளை விட்டு இன்னும் போகவில்லை.

ரங்கநாதன் தெருவில் கம்பளிக் கோட்டு வாங்கினாள். வருடம் முழுக்கக் காத்திருந்து எடுத்த சபா சீசன் டிக்கெட்டை, மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியை, ருக்கு மன்னிக்குத் தாரை வார்த்தாள். ருக்கு, கிச்சாவின் அண்ணன் மனைவி. அவளுடைய பிள்ளை அமெரிக்காவில் இருந்தான். “நன்னா கேளுங்கோ மன்னி. எனக்குத்தான் இந்த வருஷம் குடுத்து வெக்கல” என்று டிக்கெட்டைக் கொடுத்தபோது சூடாமணியின் முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பதிலுக்கு ருக்கு ஒரு பெரிய டப்பா நிறையப் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டு வந்து, “குருவுக்கு” என்று கொடுத்தாள்.

பெட்டி கட்டி முடித்த அன்று குரு மறுபடி கூப்பிட்டான். அவன் மனைவி ஷ்ரேயாவின் அப்பா அம்மா புரட்டாசியில் வந்தவர்கள், கிளம்பாமல் பொங்கல் வரை இருக்கப் போகிறார்களாம். வீடு சின்னது. “அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்கோம்மா. கோடைலதான் இங்க நன்னா இருக்கும். தப்பா எடுத்துக்காதே.”

சூடாமணி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அவ்வளவுதான். அழுது முடித்து வெளியே வந்தபோது அவள் மனத்தில் இருந்தது ஜெர்மனி அல்ல. ருக்கு.

பல வருடங்களுக்கு முன்னால் ருக்குவின் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அமெரிக்கப் பிள்ளை வரவில்லை. மண்டபம் நிறைய உறவினர் இருக்க, பந்தியில் உட்கார்ந்தபடி சூடாமணி ஒரு வாக்கியம் சொன்னாள்: “எல்லாம் வளர்க்கற விதத்துல இருக்கு.” பின்வரிசைக்கும் கேட்கிற குரல். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ருக்குவின் கை ஒரு இலைக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு அடுத்த இலைக்குப் போயிற்று. அந்த வாக்கியத்தை ருக்கு இன்றுவரை திருப்பித் தரவில்லை. கடனாக வைத்திருக்கிறாள் என்று சூடாமணி நம்பினாள். பிள்ளை கூப்பிட்டுவிட்டு வராதே என்று சொன்னது தெரிந்தால், வட்டியோடு வந்து சேரும். தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வாள். குருவைச் சொல்லிவிட்டால்?

“போகலைன்னு சொல்லிடலாமே சூடா. எனக்கு முதுகு வலின்னு சொல்லேன்” என்றார் கிச்சா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் பிறருடைய முதுகு வலிகளைச் சந்தேகித்தே ஓய்வு பெற்றவர்.

“நாம போறோம்னா” என்றாள் சூடாமணி.

போனார்கள். கிச்சாவின் ஆபீஸ் நண்பர் ஷரஃபுதீனும் அவர் மனைவி புஷ்ராவும் மகளைப் பார்க்க துபாய்க்குப் போயிருந்தார்கள். கே.கே. நகர் வீட்டுச் சாவி கிச்சாவிடம் இருந்தது. விஷயத்தைக் கேட்ட ஷரஃபுதீன் போனில் சிரித்து முடிக்கவே வெகு நேரமாயிற்று. புஷ்ரா போவதற்கு முன்பே, சாவி வைத்திருப்பவர்கள் என்றைக்காவது வந்து தங்கினால் சைவச் சமையலுக்கு இருக்கட்டும் என்று புதுப் பாத்திரங்கள் வாங்கித் தனியாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்து சூடாமணிக்கு மறுபடி கண் நிறைந்தது. சொந்தப் பிள்ளை வீட்டில் இல்லாத இடம், முன்பின் ஒரு வேளை சாப்பிட்டிராத வீட்டில் கிடைத்தது.

மாடவீதியில் எல்லோரும் கையசைத்து வழியனுப்ப, டாக்ஸி விமான நிலையத்தை நோக்கிக் கிளம்பியது. கத்திப்பாராவில் கிச்சா டிரைவரின் தோளைத் தொட்டு, “கொஞ்சம் கே.கே. நகர் பக்கம் விடுப்பா” என்றார்.

குருவிடம் மட்டும் சொன்னாள். குடும்ப வாட்ஸப் குழுவில் அவனும் இருந்தானே. “நீ ஒண்ணும் எழுதாதே. நாங்க படம் போட்டா லைக் மட்டும் போடு.”

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“உனக்குத்தான்டா.”

அன்றிலிருந்து அவன் லைக் மட்டும் போட்டான்.

படம் எடுப்பது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. குரு வாங்கிக்கொடுத்த நல்ல கேமரா கிச்சாவிடம் இருந்தது. ஆனால் கிச்சா எடுக்கும் படத்தில் தலை இருந்தால் கால் இருக்காது. அது தவிர, சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சென்னை இருந்தது. சிவப்புக் கல் கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் முன்னால் இளநீர் வண்டி. நல்ல கோபுரமாக அமைந்தால் குறுக்கே கேபிள் வயர், அதில் ஒரு காக்கை. இந்த ஊரில் தென்னை மரங்கள் இத்தனை இருக்கின்றன என்பதைக் கிச்சா அறுபத்தாறாம் வயதில்தான் அறிந்தார். எழும்பூரில் ஒரு படத்துக்காகத் தரையில் மல்லாந்து படுத்தார். வழியில் போனவர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள்.

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் போகக் கூடாது. அங்கே தெரிந்த முகங்கள். மற்ற இடமெல்லாம் அவர்களுக்கு வெளிநாடுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூடாமணி பள்ளிக்கூடம், கோவில், சபா என்று மூன்று தெருக்களுக்குள் சுற்றியவள். சிந்தாதிரிப்பேட்டையை அவள் முதன்முதலாகப் பார்த்தது இந்த மார்கழியில்தான். விடியற்காலை, பனிமூட்டத்தில், கூவத்தின் மேல் ஒரு பாலம் பாதி மறைந்து அழகாக நின்றது. கரையோரக் கட்டடங்கள் சாம்பல் நிறத்தில் மிதந்தன. சூடாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கையை எடு சூடா. படத்துல நாத்தம் வராது.”

அந்தப் படத்துக்கு அவள், ‘காலை வேளையில் ரைன் நதி’ என்று எழுதினாள். கூவம் தன் வாழ்நாளில் கண்டிராத கௌரவம் அது. உறவினர்கள் உருகினார்கள். ருக்கு மன்னி, ‘எத்தனை சுத்தமா வெச்சிருக்கான்’ என்று எழுதியிருந்தாள்.

கிறிஸ்மஸுக்கு ஒரு சர்ச் வேண்டியிருந்தது. சாந்தோம், ஆபத்தான எல்லை. மயிலாப்பூர்க்காரர்கள் மத்தியானம் சபா கேண்டீனில் இருப்பார்கள், இல்லாதவர்கள் தூங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, உச்சி வெயிலில் ஆட்டோ பிடித்தார்கள். ஓட்டி வந்த துரைராஜ், அவர்கள் இறங்கிக் கோட்டும் மஃப்ளருமாக மாறுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், இந்த வெயில்ல கோட்டு மாட்டிக்கினு? மாமிக்கு உடம்பு சரியில்லியா?”

“ஷூட்டிங்பா” என்றார் கிச்சா.

“யாரு ஹீரோ?”

“நான்தான்.”

துரைராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். “சர்தான். படம் ஓடிரும்.”

வெள்ளைக் கோபுரம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாசலில் பெரிய நட்சத்திரம். சூடாமணி படியருகில் நின்றாள். கிச்சா இரண்டு வாரத்தில் தேறியிருந்தார். பின்னால் போனார், குனிந்தார், ஒரு தென்னை ஓலையை ஓரத்திலிருந்து தள்ளினார். பொறுமையாக அழுத்தினார். தலை இருந்தது. கோபுரத்தின் உச்சிச் சிலுவை இருந்தது. சூடாமணியின் முகத்தில் வெயில்பட்டு, அழுதுவிட்டுச் சிரித்தாற்போல் ஒரு களை இருந்தது. அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முழுப் படம் அது.

போட்ட சற்று நேரத்தில் கிச்சாவின் தங்கை பிள்ளை ஸ்ரீநாத் குழுவில் எழுதினான்: ‘மாமி, அங்க மைனஸ்ல இருக்குமே. ஏன் வெறுங்கால்?’

சூடாமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கழுத்தில் மஃப்ளர், உடம்பில் கம்பளி, கையில் உறை. கீழே, மஞ்சள் பூசிய இரண்டு பாதங்கள், மெட்டி மினுக்க. சாமி இருக்கிற இடம் என்று கண்டதும் செருப்பைக் கழற்றி ஆட்டோவில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கழற்றிய ஞாபகம்கூட அவளுக்கு இல்லை. இதுவரை கிச்சா எடுத்த எந்தப் படத்திலும் அவளுக்குக் கால் இருந்ததில்லை. இவர் கற்றுக்கொள்ள வேறு நாள் கிடைக்கவில்லை.

“முடிஞ்சுது” என்றாள். “குரு மானம் போச்சு.”

அதற்குள் குழுவில் இன்னொரு வரி விழுந்தது. ருக்கு. ‘பக்தி இருந்தா குளிர் தெரியாது ஸ்ரீநாத். என் ஓர்ப்படிக்கு எந்த ஊரானாலும் கோவில் கோவில்தான்.’ கீழே வரிசையாகக் கை கூப்பிய பொம்மைகள். ஸ்ரீநாத்தும் ஒன்று போட்டான்.

சூடாமணிக்கு உயிர் திரும்பியது. “மன்னி என்னிக்கும் அசடுதான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் கோட்டு இல்லாமல் தி. நகருக்குப் போனார்கள். பாண்டி பஜார் முழுக்கச் சீரியல் விளக்கு. பொங்கல் தள்ளுபடிக்கும் கிறிஸ்மஸ் தாத்தாவுக்கும் ஒரே பேனரில் இடம் கொடுத்திருந்தார்கள். கிச்சா அவளுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தில் தொலையாமல் இருக்க அவள் கையைப் பிடித்தார், கூட்டம் குறைந்த பிறகும் விடவில்லை. பஜ்ஜியைக் கடித்துக் காரத்தில் கண்ணீர் விட்டவளை ஒரு படம் எடுத்தார். அதில் கேபிள் வயர், ஆட்டோ, பலூன்காரர், ஓடுகிற ஒரு நாய் எல்லாம் இருந்தன. எதையும் அவர் தள்ளவில்லை.

“இதைப் போட முடியாதேன்னா.”

“போடறதுக்கு எடுக்கல.”

அதற்குப் பிறகு போட முடியாத படங்கள்தான் அதிகம் சேர்ந்தன. நொச்சிக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே எரிந்த காகித நட்சத்திரங்களுக்குக் கீழே அவள் நின்றது. சிந்தாதிரிப்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்தது. பிள்ளை கூப்பிடாத விடுமுறை, கல்யாணமான நாளாக அவர்கள் போகாத தேனிலவாக மாறிக்கொண்டிருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் குருவுக்குத் துரோகம் செய்வது போலிருக்கும்.

போகிக்கு முதல் நாள் ‘திரும்பி’ வந்தார்கள். பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று மாலை ருக்கு வந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் மஞ்சள் கீற்றோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினாள்.

“கோலமாவு. ஊருக்குப் போயிட்டு வந்த ஆத்துல இருக்காதேன்னு வாங்கிண்டு வந்தேன்.”

கிச்சா இருமினார். சூடாமணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்க் காபி கலந்து வந்து, கூடவே ஜெர்மன் சாக்லேட்டை நீட்டினாள். போன வருடம் குரு கொண்டுவந்து கொடுத்தது, மிச்சம் இருந்தது.

“உன் சீட்ல உக்காந்து ஒரு கச்சேரி விடல” என்றாள் ருக்கு. “கேண்டீன்ல எல்லாரும் உன்னைத்தான் கேட்டா. குரு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிண்டு போயிட்டான்னு சொன்னேன். பொடி பிடிச்சிதா அவனுக்கு?”

“தீர்ந்தே போச்சு மன்னி” என்றார் கிச்சா. அது மட்டும் முழு உண்மை.

“படமெல்லாம் காட்டேன். போன்ல சின்னதா இருக்கு, கண் தெரியல. டி.வி.ல போடு கிச்சா.”

வேறு வழியில்லை. கூவம் சுவரளவுக்கு விரிந்தது. எழும்பூர்க் கட்டடம் வந்தது. ருக்கு ஒவ்வொன்றையும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“குருவை ஒரு படத்துலயும் காணுமே?”

“அவன்தானே எடுத்தான் மன்னி” என்றாள் சூடாமணி.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

கிச்சா தரையில் மல்லாந்து படுத்து எடுத்ததெல்லாம் பிள்ளையின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

“நன்னா எடுத்திருக்கான்” என்றாள் ருக்கு, கிச்சாவைப் பார்த்து.

அடுத்ததாக சாந்தோம் வந்தது. டி.வி.யில் சூடாமணியின் பாதங்கள் தாம்பாளம் போலிருந்தன. மெட்டி ஒவ்வொன்றும் வளையல் அளவு. பெருவிரலோரம் ஒட்டிய மணல்கூடத் தெரிந்தது. கிச்சா அடுத்த படத்துக்குத் தாவ அழுத்தினார். பதற்றத்தில் ரிமோட்டில் எதையோ அழுத்த, படம் அங்கேயே நின்றது.

ருக்கு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் கனுவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. சூடாமணி அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருடம் காத்திருந்தது இப்போது வரும். வரட்டும், என்னைச் சொல்லட்டும், அவனைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று கபாலியை வேண்டிக்கொண்டாள்.

“பிள்ளையை நன்னா வளர்த்திருக்கே சூடா” என்றாள் ருக்கு.

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள் சூடாமணி. ருக்குவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் டி.வி.யிலிருந்த பாதங்களை விட்டு நகரவில்லை. கிறிஸ்மஸ் அன்று ஸ்ரீநாத்துக்கு யார் பதில் எழுதியது, ஏன் அவ்வளவு சீக்கிரம் எழுதியது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அசடு யார் என்பதும்.

“மன்னி, அன்னிக்கு மண்டபத்துல நான்...”

“காபி ஆறிப் போச்சு” என்றாள் ருக்கு. “சுட வெச்சுக் கொண்டா.”

சூடாமணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கேஸ் சிலிண்டர் மேல் கைவைத்து நின்றபடி அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கூடத்தில் ருக்கு வேண்டுமென்றே உரக்க, கிச்சாவிடம் ஜெர்மனியில் காய்கறி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கிச்சா கே.கே. நகர் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காபி குடித்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு ருக்கு எழுந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் செருப்பில் நுழைத்தாள். சூடாமணி கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பின்வரிசைக்குக் கேட்கிற குரல் முன்வரிசைக்கே வரவில்லை.

“அடுத்த மார்கழிக்கும் போறேளா?” என்றாள் ருக்கு.

“தெரியல மன்னி.”

“போனா செருப்பைக் கழட்டாதே. அந்த ஊர்ல யாரும் கழட்ட மாட்டா.” இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “எனக்கும் ஒரு கோட்டு வாங்கி வை. என் பிள்ளையும் கூப்பிட்டு நாளாச்சு.”

படியில் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிப்போயிற்று. அது தெருவோடு கலக்கும் வரை நின்றுவிட்டு, சூடாமணி கதவைச் சாத்தினாள்.